இருதய அறுவையும் இறைவன் மீது தவக்குலும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர் நம்மருகே வந்து அமர்ந்தார். மளிகைக் கடை வைத்திருந்தவர். ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைப்பதாகச் சொன்னார். நகரத்து டாக்டர் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தாராம். இருதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றாராம். இதைச் சொல்லிவிட்டு, "ஹஜ்ரத், நெஞ்சைப் பிளந்துதான் தீர வேண்டுமா? அல்லாஹ் மீது பாரத்தைப் போட்டுவிட்டு இருந்துவிடலாமா?" என்று கேட்டார்.

நாம் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தோம். துஆ செய்வதாகச் சொன்னோம். அல்லாஹ் போதுமானவன், அஞ்சாதீர்கள் என்றோம். இவற்றில் எந்தச் சொல்லும் தவறான சொல் அல்ல. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இவை விடையாகவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார் என்றே அவர் விளங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். ஐந்து மாதம் கழித்து ஒரு மாலையில், கடையில் தராசைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய அஜல் அன்றுதான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அஜல் அல்லாஹ்வின் பொறுப்பு. நாம் சொன்ன பதில் நம் பொறுப்பு. அன்று முதல் ஒரு ஹதீஸ் நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிரயாணத்தில் ஒரு தோழருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அந்த நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை கிடையாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், மௌத்தாகிவிட்டார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்தார்கள். அவரைக் கொன்றுவிட்டார்களே என்று சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் கூறினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் இது வருகிறது. மார்க்கம் பேசுகிறவன் ஒரு நோயாளிக்கு வாய் திறக்கும் முன் எவ்வளவு அஞ்ச வேண்டும்!

எனவே இருதய ஆபரேஷனை எதிர்நோக்கி நிற்கும் குடும்பங்களுக்காக, அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறோம்.

மருந்து செய்வது தவக்குலுக்கு மாற்றமா? மாற்றமில்லை. நோய்க்கு மருந்து தேடுங்கள், மூப்பைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தின்றி வைக்கவில்லை என்று நாட்டுப்புறத்தார் கேட்ட கேள்விக்கு நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இது பலரும் அறிந்த ஹதீஸ்தான். ஆனால் மருந்து தேடு என்று சொன்னதோடு அவர்கள் நிறுத்தவில்லை. யாரிடம் தேடு என்பதையும் காட்டித் தந்திருக்கிறார்கள். நாம் மறந்திருப்பது இந்த இரண்டாம் பகுதியைத்தான்.

ஹஜ்ரத் ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். தம் திருக்கரத்தை அவர்களுடைய நெஞ்சின் மீது வைத்தார்கள். அந்தக் குளிர்ச்சி தம் இருதயம் வரை இறங்கியது என்று ஸஃது (ரலி) அவர்களே கூறுகிறார்கள். கை வைத்துப் பார்த்த நாயகம் அவர்கள், உமக்கு இருதய நோய் கண்டிருக்கிறது, ஸகீஃப் கூட்டத்தாரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லும், அவர் வைத்தியம் செய்கிறவர் என்று சொல்லி, மதீனாவின் அஜ்வாப் பேரீச்சம் பழம் ஏழினை இடித்துக் கொடுக்குமாறும் பணித்தார்கள். அபூதாவூதில் உள்ள இந்த அறிவிப்பின் தொடரில் ஒரு விடுபாடு இருப்பதாக ஹதீஸ் கலை வல்லார் பேசியிருக்கிறார்கள். ஆயினும் மருத்துவ அத்தியாயங்களில் அறிஞர்கள் இதை எடுத்தாண்டே வந்திருக்கிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! எவருடைய துஆ மறுக்கப்படாதோ அவர்களே கை வைத்த நெஞ்சு அது. அந்த நெஞ்சுக்கும் டாக்டரிடம் போ என்ற கட்டளைதான் வந்தது. ஹாரிஸ் இப்னு கலதா தாயிஃப் நகரத்து வைத்தியர். அவர் இஸ்லாத்தைத் தழுவினாரா இல்லையா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. திறமையுள்ள வைத்தியர் மாற்று மதத்தவராயினும் அவரை நாடலாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டும் அறிஞர்கள் உண்டு. ஹிஜ்ரத்தின்போது தம் உயிரையும் அபூபக்ர் (ரலி) அவர்களின் உயிரையும் பாலைவனத்தில் ஒப்படைக்க நாயகம் (ஸல்) அவர்கள் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் முஸ்லிமாக இருக்கவில்லையே! வழி தெரிந்தவர், நம்பிக்கைக்கு உரியவர். அந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இன்னொரு செய்தி. ஒருவருக்குக் காயம்பட்டு இரத்தம் உள்ளே கட்டிக்கொண்டது. அன்மார் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு வைத்தியர்கள் அழைக்கப்பட்டார்கள். உங்கள் இருவரில் வைத்தியத்தில் தேர்ந்தவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள்! நாமோ டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிறோம். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உயரத்தைப் பார்த்தும், நம் சமுதாயத்தவர் என்று கேள்விப்பட்டும், மச்சான் சொன்னதை வைத்தும் முடிவு செய்கிறோம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க நாலு ஊர் அலைகிற நாம், தகப்பனின் நெஞ்சைத் திறக்கப் போகும் கையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. வைத்தியத்தில் அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது ஹதீஸின் சட்டம். அறியப்பட்டவரா என்று பார்ப்பது நம் கடமை என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பெரியவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தச் சோதனை நம் வீட்டுக்கே வந்தது. நம் அத்தாவுக்கு அதே நெஞ்சடைப்பு. அதே மூன்று குழாய்கள். கூடவே பதினைந்து வருடச் சர்க்கரை.

முதலில் பார்த்த அறுவை மருத்துவரிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: இந்த ஆபரேஷனைத் தாங்களே செய்வீர்களா? அவருக்கு முகம் மாறிவிட்டது. நம்பிக்கை இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் வேறிடம் பாருங்கள் என்றார். வேறிடம் பார்த்தோம். ஆஞ்சியோகிராம் பதிவையும் எல்லா ரிப்போர்ட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னோர் ஊருக்குப் போனோம். நோயாளியின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டாமவர் வயதில் இளையவர், மாற்று மதத்தவர், அதிகம் பேசாதவர். ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இத்தகைய ஆபரேஷன் வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், நீங்களே செய்வீர்களா உதவியாளரா, இரவு நேரத்தில் ஐ.சி.யு.வில் யார் இருப்பார்கள், எங்கள் அத்தாவின் வயதுக்கும் சர்க்கரைக்கும் ஆபத்து எவ்வளவு, மொத்தச் செலவு என்ன, மேற்கொண்டு எதற்கெல்லாம் பணம் கேட்பீர்கள்? இவைதான் நம் கேள்விகள். ஆபத்து நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால்தான் அந்தக் கணக்கு என்றும் சேர்த்துச் சொன்னார். ஆபத்தே இல்லை என்று சொல்லாதவரிடம் நமக்கு நம்பிக்கை பிறந்தது.

நெஞ்சைத் திறக்காமல் ஸ்டெண்ட் வைத்து முடித்துவிடலாமே என்று உறவினர் பலர் சொன்னார்கள். அதையும் ஓர் இருதய வைத்தியரிடம் தனியாகக் கேட்டோம். பலருக்கு ஸ்டெண்ட் போதும், சிலருக்கு மருந்தே போதும் என்றார். ஆனால் சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்திருந்தால் பைபாஸ்தான் நீண்ட காலத்துக்கு நல்லது என்பது ஆராய்ச்சிகளில் தெளிவானது என்று விளக்கினார். இவ்வளவும் விசாரித்த பிறகே இஸ்திகாராத் தொழுதோம். விசாரணையே இல்லாமல் இஸ்திகாரா மட்டும் தொழுதுவிட்டுக் கனவுக்குக் காத்திருப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒரு காரியத்தை நாடியவர் தொழ வேண்டிய தொழுகை என்றுதானே ஹதீஸில் வந்திருக்கிறது!

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். இப்படி ஊர் ஊராக விசாரிப்பதெல்லாம் நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்குத்தான். திடீரென்று நெஞ்சு வலி கண்டு, வியர்த்து, கை கனத்துப் போனால் விசாரணை கிடையாது. அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிடமே போக வேண்டும்.

பைபாஸ் என்பதை அந்த மருத்துவர் அத்தாவுக்குப் படம் வரைந்து காட்டினார். காலிலிருந்து ஒரு இரத்தக் குழாயையும், மார்புக்கூட்டின் உட்பக்கத்திலிருந்து ஒரு குழாயையும் எடுத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் போவதற்குப் புது வாய்க்கால் வெட்டுகிறார்கள். பெரும்பாலும் இருதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, அந்த நேரத்தில் ஓர் இயந்திரம் அதன் வேலையைச் செய்கிறது. இயங்கும் இருதயத்திலேயே தைப்பவர்களும் உண்டு. அந்த இயந்திரத்தை வைத்து முதல் முதலாக 1953இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர் வெற்றி கண்டார். கால் நரம்பை எடுத்துத் தைக்கும் முறையை 1967இல் ஃபவலோரோ என்ற அர்ஜெண்டினா நாட்டவர் நிலைநாட்டினார். நம் நாட்டின் முதல் பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே.எம். செரியன் கையால் நடந்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே, இருதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேருகிறது என்று எழுதி வைத்தவர் இப்னுந் நஃபீஸ் (ரஹ்). கெய்ரோவில் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹுக் கலையையும் போதித்தவர். அந்த நூலை நாம் தூசியில் போட்டுவிட்டோம். 1924இல் ஒரு எகிப்திய மாணவர் ஜெர்மனியில் அதைப் படித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இனி நோயாளி செய்ய வேண்டியவை. முதலாவது, மருத்துவரிடம் உண்மை பேசுவது. பீடி சிகரெட்டை மறைக்கிறோம். இலேகியம், சூரணம் சாப்பிடுவதை மறைக்கிறோம். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் சிலவற்றை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சிலவற்றை நிறுத்தவே கூடாது. இதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எனவே வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். புகையை வாரக்கணக்கில் முன்பே விட்டால்தான் நுரையீரல் தேறும். வால்வு ஆபரேஷனாக இருந்தால் சொத்தைப் பல்லை முதலில் கவனிக்கச் சொல்வார்கள். பல்லின் கிருமி இரத்தம் வழியே வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அது. மூன்று பந்துகள் உள்ள குழாயை ஊதி இழுக்கும் மூச்சுப் பயிற்சியை அத்தா விளையாட்டென்று முதலில் சிரித்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் அதன் அருமை தெரிந்தது.

ஆபரேஷன் காலையில் ஒன்றும் வயிற்றில் இருக்கக் கூடாது என்பார்கள். நம் வீடுகளில் அந்த நேரத்தில்தான் யாராவது பாட்டி ஸம்ஸம் போத்தலோடு வந்து நிற்பார்கள். ஒரு மிடறுதானே, பரக்கத்து என்பார்கள். வேண்டாம்! மயக்க நிலையில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஸம்ஸமை முந்தின நாளே பருகட்டும். மருத்துவமனை சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு துளியும் கூடாது. மோதிரம், கயிறு, தாயத்து அனைத்தையும் கழற்றச் சொல்வார்கள். தகராறு செய்யாமல் கழற்றிக் கொடுங்கள். தாயத்தின் சட்டம் தனியே பேச வேண்டிய விஷயம்.

அறிவை மயக்கும் மருந்து கூடுமா என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. அழுகிய உறுப்பை வெட்டுவதற்காக அறிவை மறைக்கும் மருந்தைப் பயன்படுத்த நேர்ந்தால் கூடும் என்பதை நம் ஷாபிஈ இமாம்கள் அன்றே எழுதிவிட்டார்கள். வால்வு மாற்றுவோருக்கு வரும் சங்கடம் வேறு. சில வால்வுகள் பன்றியிலிருந்தும், சில மாட்டின் இருதய உறையிலிருந்தும், சில உலோகம் முதலியவற்றாலும் செய்யப்படுகின்றன. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுதும் இரத்தம் உறையாத மருந்து சாப்பிட்டு அடிக்கடி சோதிக்க வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அந்த மருந்தால் கருவுக்குத் தீங்கு வரலாம். ஆகவே எது பொருந்தும் என்று முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மாட்டு வால்வு கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைத்தால் பன்றிக்கு இடமில்லை. வேறு வழியே இல்லாவிட்டால்? சுத்தமானது கிடைக்காத நிலையில் முறிந்த எலும்பை அசுத்தமான எலும்பால் ஒட்டியவர் மன்னிக்கப்பட்டவர் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ள சட்டம். இருதய இயந்திரம் ஓடும்போது ஏற்றும் ஹெபாரின் என்ற மருந்தும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த இடத்தில் அதற்கு நிகரான மாற்று இல்லாததால் இதற்கும் நிர்ப்பந்தத்தின் சட்டமே. நோயாளியின் மனத்தில் இதைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

பெண் நோயாளிக்குத் திறமையுள்ள பெண் மருத்துவர் கிடைத்தால் அவரே முதல். கிடைக்காதபோது ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்ப்பதும் தொடுவதும் அனுமதிக்கப்பட்டதே. வெட்கத்தால் நெஞ்சு வலியை மறைத்துக் கணவரை இழக்கச் செய்தவரும், தாமே போய்ச் சேர்ந்தவரும் நமக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

தொழுகையைப் பற்றி அத்தா மிகவும் கவலைப்பட்டார்கள். நோய்க்காக ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவதை நவவீ இமாம் போன்றோர் சரிகண்டிருக்கிறார்கள். ஹனபி மத்ஹபினருக்கு இந்தச் சலுகை இல்லை. மயக்கத்தில் தவறியதை அவர்கள் களாச் செய்துகொள்வார்கள். நின்று, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்பதை மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் அவர்களே கற்றுக் கொடுத்தார்கள். தயம்முமுக்காக அத்தா பிஸ்கட் டப்பாவில் மண் எடுத்து வந்திருந்தார்கள். ஐ.சி.யு.வுக்குள் மண்ணை அனுமதிக்க மாட்டோம் என்றார் நர்ஸம்மா. அவர் சொன்னது சரிதான்; திறந்த நெஞ்சுக்கு மண் ஆகாது. தண்ணீரும் மண்ணும் இல்லாதவர் நேரத்தின் கண்ணியத்துக்காக இருந்தபடியே தொழுதுவிட்டுப் பிறகு மீட்டித் தொழ வேண்டும் என்பது ஷாபிஈச் சட்டம். அத்தா அப்படியே செய்தார்கள். கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச்சு வராது என்பதையும் முன்பே சொல்லி வைத்திருந்தோம். தெரியாமல் விழித்தால் மனிதன் பதறிப் போவான். நாவு அசையாவிட்டால் கல்பு திக்ரு செய்யட்டும்.

இனி வஸிய்யத். நாம் மேலே சொன்ன அதே ஸஃது (ரலி) அவர்கள் மக்காவில் இன்னொரு முறை கடும் நோயில் விழுந்தார்கள். மௌத்து வந்துவிட்டது என்று எண்ணி, ஒரே மகள்தான் வாரிசு, சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்துவிடட்டுமா என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விட்டுச் செல்வதைவிட வசதியாக விட்டுச் செல்வது மேல் என்றார்கள். அந்த ஸஃது (ரலி) அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, பல மக்களைப் பெற்று, காதிஸிய்யாப் போருக்குத் தலைமை தாங்கினார்கள். வஸிய்யத் எழுதினால் மௌத்து வந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு அத்தா நம்மைப் பேனா எடுக்கச் சொன்னார்கள். பக்கத்து ஊர் கோபாலிடம் உழவு மாட்டுக்கு வாங்கிய கடனில் பாக்கி நாலாயிரம். பள்ளிவாசல் கணக்கில் தம்மிடம் நிற்கும் தொகை. தங்கைக்குச் சேர வேண்டிய வயல் பங்கு. அது பிரிக்கப்படாமலே முப்பது வருடம் ஓடிவிட்டது. இதைச் சொன்னபோது அத்தா சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் அம்மாவை அழைத்தார்கள். மஹர் 101 ரூபாய், நிக்காஹ் தஃப்தரில் எழுதியதோடு சரி. அம்மா பதறிப்போய், "அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு" என்றார்கள். "நான் கொடுத்த பிறகு நீ என்ன வேணும்னாலும் செய்" என்று அத்தா எண்ணிக் கொடுத்தார்கள். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். இரத்தம் கொடுக்க நம் தெருப் பிள்ளைகள் இருவரும், அந்தக் கோபாலின் மகனும் மறுநாள் அதிகாலையிலேயே வந்து நின்றார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அத்தா நலமாக இருக்கிறார்கள். வெட்டிச் சேர்த்த நெஞ்செலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், கையை ஊன்றி எழுந்திருக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஸஜ்தாவிலிருந்து கை ஊன்றி எழுவது நம் ஷாபிஈகளின் வழக்கம். ஆகையால் அதுவரை நாற்காலியில்தான் தொழுதார்கள். வயல் பங்கு இப்போது எங்கள் மாமியின் பெயரில் பதிவாகிவிட்டது.

இதை அச்சுக்கு அனுப்பும் முன், அந்த மளிகைக் கடைப் பெரியவரின் மகனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அனுமதி கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத்தாவுக்கு ஆபரேஷன்னாலே பயம், ஹஜ்ரத். நீங்க போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பாங்களோ என்னவோ" என்றார். நம் மனம் ஆறட்டும் என்று சொன்னாரோ, உண்மையிலேயே அப்படித்தானோ, நமக்குத் தெரியவில்லை. எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அல்லாஹ் அந்தப் பெரியவரின் கப்ரை விசாலமாக்கி ஒளியூட்டுவானாக! நம் பிழையைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.